முழுப்பேரும் அரைப்பேரும்

சென்ற வாரம் இப்பகுதியில் ‘மாறி’ என்பது யாது, அதற்குப் பெறுமானம் இடுவது எவ்வாறு என்பனவற்றைக் கூறினோம். இவ்வாரம் செய்நிரலாக்கத்தின் உயிர்நிலையாகிய நிபந்தனைக் கூற்றுக்கு வருகிறோம். மாணவர்கள் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்க. கணினி அருகில் இல்லாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. இன்றைய கணக்குகள் யாவற்றுக்கும் பென்சிலே போதும். பெற்றோரும் கூட அமர்ந்துகொண்டால் நன்று. தோட்டத்திலே பேர் போட்டு வேலை செய்தவர்களாயின் பிள்ளைகளைக் காட்டிலும் அவர்களே விரைவில் விடை கூறிவிடுவர்.

நிபந்தனைக் கூற்றுக்குப் பாடநூல்கள் வழக்கமாகத் தரும் முதற் பயிற்சி, ஓர் எண் ஒற்றையா இரட்டையா என்று காண்பது. அடுத்தது, மாணவன் பெற்ற புள்ளி 35 அல்லது அதற்கு மேற்பட்டதாயின் ‘சித்தி’ என்றும், இல்லையேல் ‘சித்தியில்லை’ என்றும் அச்சிடுவது. நல்ல பயிற்சிகளே. ஆயினும் ஓர் எண் ஒற்றையாகிவிட்டதனால் எவர் வீட்டு உலையும் கொதிக்காமல் நின்றதில்லை. ஆதலால் அக்கணக்கை எழுதும் மாணவன் ‘இல்லையேல்’ என்னும் பகுதியைக் கவலையின்றி எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குச் சென்றுவிடுகிறான். உலை கொதிப்பதும் கொதியாததும் தங்கியிருக்கும் நிபந்தனை ஒன்றை எடுத்துக்கொண்டால் கை சற்றுத் தயங்கும். அத்தகைய நிபந்தனையைத் தேடி நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை.

அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தம்பேதன்னையில் தோமஸ் லிப்டன் 1890ஆம் ஆண்டிலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையைக் கட்டுவித்தார். அத்தொழிற்சாலையாயினும் ஊவாவின் வேறெத் தொழிற்சாலையாயினும், கொழுந்து உள்ளே செல்லுமுன் மலையிலே நிறுக்கப்படுகிறது. கணக்கப்பிள்ளை நிறையைக் குறித்துக்கொள்கிறார். காலையில் பிரட்டுக்கு வந்து, பனியிலும் அட்டைக்கடியிலும் நின்று ஒருத்தி கொய்த கொழுந்து, செக்ரோலில் ஒரு பேராக மாறுகிறது. குறித்த நிறை இருந்தால் முழுப்பேர், இல்லையேல் அரைப்பேர். குறித்த நிறை எவ்வளவு என்பது தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். நாம் பயிற்சிக்காக 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கூலியும் அவ்வாறே. 2021ஆம் ஆண்டு மார்ச்சில் சம்பளச் சபை நாட்கூலியை 900 ரூபா அடிப்படைச் சம்பளமும் 100 ரூபா படியுமாக 1000 ரூபா என்று விதித்தது. பின்னர் அத்தொகை உயர்ந்துள்ளது. எனினும் கணக்கு எளிதாயிருக்க 1000 என்றே கொள்வோம்.

நிறை ≥ 18 ஆயின்
கூலி = 1000
இல்லையேல்
கூலி = 500

நான்கே வரிகள். கேள்வி ஒன்று, கிளைகள் இரண்டு. கேள்விக்கு விடை ‘மெய்’ என்றால் மேற்கிளை. ‘பொய்’ என்றால் கீழ்க்கிளை. இதனைப் பாய்ச்சற்கோட்டுப் படமாக வரைந்தால் நடுவே ஒரு சாய்சதுரம் வரும். அதிலிருந்து இரு அம்புகள் பிரியும்.

இவ்விடத்தில் நம் மொழியைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலத்தை அடியொற்றிய பாஸ்கல், பைதன் முதலிய மொழிகளில் நிபந்தனையைக் குறிக்கும் ‘இஃப்’ என்ற சொல் வாக்கியத்தின் தலையிலேயே வந்து நிற்கும். தமிழோ கேள்வியை முழுதும் கேட்டுவிட்டு, இறுதியில் ‘ஆல்’ என்றோ ‘இன்’ என்றோ ஒரு சிறு விகுதியைச் சேர்க்கும். தொல்காப்பியர் வினையெச்ச வாய்பாடுகளை எண்ணும்போது ‘செயின்’ என்பதையும் ஒன்றாக வைத்தார். முத்தையா அண்ணாமலை என்பவர் உருவாக்கிய ‘எழில்’ என்னும் தமிழ்ச் செய்நிரல் மொழி இந்த இயல்பைப் போற்றியிருக்கிறது. அதில் நிபந்தனையை முதலில் அடைப்புக்குறிக்குள் எழுதி, அதன் பின்னரே ‘ஆனால்’ என்று எழுத வேண்டும், மாற்றுக் கிளைக்கு ‘இல்லை’, முடிவுக்கு ‘முடி’. நம் பேச்சிலே ‘ஆனால்’ என்பது தடை சொல்லவும் பயன்படுகிறது என்பதை எண்ணினால் சிறிது சிரிப்பு வருகிறது. ‘கூலி உண்டு, ஆனால்’ என்று எவராவது தொடங்கினால் நாம் அடுத்துக் கேட்கப்போவது ஒரு நிபந்தனைதானே!

இனி, நாம் எழுதிய நான்கு வரிகளைச் சோதிப்போம். பெரும்பாலான மாணவர்கள் 25 கிலோவையும் 10 கிலோவையும் இட்டுப் பார்ப்பர், விடை சரியாக வரும், மகிழ்ந்துவிடுவர். அது சோதனையாகாது. எல்லைக் கோட்டில் நிற்பவளை அழைத்துப் பார்க்க வேண்டும். 17, 18, 19 ஆகிய மூன்றையும் இடுக. ‘≥’ என்பதற்குப் பதில் ‘>’ என்று எழுதியிருந்தால் 17க்கும் 19க்கும் விடை மாறாது; 18 கொய்தவள் மட்டும் 500 ரூபாவை இழப்பாள். வாயால் ‘பதினெட்டுக்கு மேல்’ என்று சொல்லும்போது பதினெட்டும் அதிலே அடங்கும் என்று ஒருவர் எண்ணலாம், அடங்காது என்று மற்றொருவர் எண்ணலாம். கணினி எண்ணாது. எழுதியதைச் செய்யும்.

மற்றொன்றையும் கவனிக்க. 17 கிலோவுக்கும் 18 கிலோவுக்கும் இடையே கொழுந்தில் உள்ள வேறுபாடு ஒரு கிலோ. கூலியில் உள்ள வேறுபாடு 500 ரூபா. அந்தக் கடைசிக் கிலோ, அதற்கு முந்தைய பதினேழு கிலோவும் சேர்ந்து பெறும் தொகையைத் தானே தனியாகப் பெறுகிறது. நிபந்தனைக் கூற்று எங்கே வந்தாலும் இத்தகைய செங்குத்தான படி ஒன்று வரும். படியின் ஓரத்திலே நிற்பவருக்கு நிறுவையில் நேரும் சிறு பிழையும் பெரிதாகும்.

நிறுவை என்றதும் தோட்டத்தவர்களுக்கு உடனே நினைவு வருவது கழிவு. கொழுந்தில் உள்ள ஈரத்துக்கென்றும் பைக்கென்றும் நிறையில் சிறிது கழிப்பது நெடுநாள் வழக்கம். அதுபற்றிய மனத்தாங்கலும் நெடுநாளையதே. செய்நிரலிலே கழிவை எந்த வரியில் வைப்பது? ஒருத்தி 19 கிலோ கொண்டுவந்தாள். கழிவு 2 கிலோ. ஒப்பீட்டுக்கு முன் கழித்தால் 17, அரைப்பேர். முழுநிறையை ஒப்பிட்டுப் பேர் இட்ட பின்னர் கழித்தால் முழுப்பேர். வரிகள் அவையே, எண்களும் அவையே. இடம் மாறியதால் 500 ரூபா மாறியது. தராசு மின்னியல் தராசாக மாறினாலும் இக்கேள்வி மாறாது. வரிகளை இந்த ஒழுங்கில் வைத்தவர் யார், அது யாருக்குக் காட்டப்பட்டது என்று கேட்பதற்கு மாணவன் கற்றுக்கொண்டால் அதுவே இப்பாடத்தின் பாதி.

குறித்த நிறைக்கு மேற்பட்ட ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக்காசு உண்டு என்பதைச் சேர்த்தால் கிளைகள் மூன்றாகும்: குறைவு, சரி, மிகை. வேடிக்கை என்னவென்றால், கணினி மொழிகளில் முன்னோடியான போர்ட்ரானின் நிபந்தனைக் கூற்று இவ்வாறே மூன்று கிளைகள் உடையது. ஜோன் பக்கஸ் என்பவரின் குழுவினர் 1957ஆம் ஆண்டிலே ஐ.பி.எம். 704 என்ற பொறிக்காக அதனை வெளியிட்டனர். ஒரு கோவையின் பெறுமானம் பூச்சியத்துக்குக் குறைவாயின் ஒரு வரிக்கும், பூச்சியமாயின் மற்றொரு வரிக்கும், பூச்சியத்துக்கு மேற்பட்டதாயின் வேறொரு வரிக்கும் அது செல்லும். நிறையிலிருந்து 18ஐக் கழித்து அதற்குக் கொடுத்தால் கணக்கப்பிள்ளையின் வேலையை அப்படியே செய்திருக்கும்!

இரண்டாம் பயிற்சிக்கு வருவோம். இது கற்பனை அன்று. 2016ஆம் ஆண்டு ஒக்டோபரில் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தத்தின்படி தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 730 ரூபா என்று பேசப்பட்டது. அந்த 730 எவ்வாறு ஆனது என்று பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 500. விலைப்பங்குப் படி 30. வருகைக்கான ஊக்கத்தொகை 60. உற்பத்தித்திறனுக்கான ஊக்கத்தொகை 140. முதலிரண்டும் யாவர்க்கும் உரியன. மூன்றாவது, வேலை வழங்கப்பட்ட நாட்களில் நூற்றுக்கு 75 நாட்களாவது வந்திருந்தால். நான்காவது, குறித்த நிறையைக் கொய்திருந்தால். ஆக, 730 என்பதற்குள்ளே இரண்டு நிபந்தனைகள் ஒளிந்திருந்தன.

இதனை எழுதச் சொன்னால் தொடக்க மாணவர் பலர் பின்வருமாறு எழுதுவர்: ‘வருகை 75 அல்லது அதற்கு மேல் ஆயின் 60 கூட்டு, இல்லையேல், நிறை போதுமாயின் 140 கூட்டு.’ பார்வைக்கு அழகாகவே இருக்கிறது. ஓட்டிப் பார்த்தால், ஒழுங்காக வேலைக்கு வந்து, நிறையையும் கொய்த தொழிலாளிக்கு 590 ரூபாவே கிடைக்கும். முதற்கேள்விக்கு ‘மெய்’ என்ற விடை வந்தவுடன் ‘இல்லையேல்’ பகுதியைக் கணினி எட்டியும் பார்ப்பதில்லை. நாளொன்றுக்கு 140 ரூபா; மாதத்தில் 25 நாள் வேலை என்றால் 3500 ரூபா. இங்கே பிழை செய்தது ஒரேயொரு சொல். ஒன்றையொன்று விலக்கும் நிலைமைகளுக்கே ‘இல்லையேல்’ பொருந்தும். ஒன்றோடொன்று சேர்ந்து வரக்கூடிய நிலைமைகளுக்குத் தனித்தனி ‘ஆயின்’ வேண்டும்.

சரியாக எழுதினால் நான்கு விடைகள் வரும்: இரண்டும் நிறைவேறினால் 730, நிறை மட்டுமாயின் 670, வருகை மட்டுமாயின் 590, எதுவும் இல்லையேல் 530. இப்போது 2019ஆம் ஆண்டு ஜனவரி ஒப்பந்தத்தை அருகில் வையுங்கள். அதில் இரு ஊக்கத்தொகைகளும் நீக்கப்பட்டு, அடிப்படைச் சம்பளம் 700, விலைப்பங்குப் படி 50, ஆக 750 என்றாயிற்று. உயர்வு எவ்வளவு? முன்னர் 730 பெற்றவளுக்கு 20 ரூபா. 530 பெற்றவளுக்கு 220 ரூபா. அடிப்படைச் சம்பளம் நூற்றுக்கு 40 ஏறியது என்று ஒருவர் கூறுவதும், இருபது ரூபாதானே என்று மற்றொருவர் கூறுவதும் இரண்டுமே உண்மை. அவர்கள் வெவ்வேறு கிளைகளில் நின்று பேசுகிறார்கள். பத்திரிகையில் ஒரு சம்பள எண்ணைக் கண்டால் அதனை உடனே நம்பிவிடாமல், அதற்குள் எத்தனை ‘ஆயின்’ உண்டு என்று எண்ணிப் பார்ப்பது இல்லத்தரசிகளுக்கும் பயன்படும் வித்தை.

சாதாரண தர மாணவர்களுக்கு இடையில் இரண்டு எச்சரிக்கைகள். நிக்லௌஸ் விர்த் 1970இல் வெளியிட்ட பாஸ்கல் மொழியில் ‘எல்ஸ்’ என்ற சொல்லுக்கு முன்னர் அரைப்புள்ளி இடலாகாது, இட்டால் வாக்கியம் அங்கேயே முடிந்துவிட்டதாகக் கணினி கருதும், ‘எல்ஸ்’ அநாதையாகிவிடும். இரு ஒப்பீடுகளை ‘அன்ட்’ அல்லது ‘ஓர்’ கொண்டு இணைக்கும்போது ஒவ்வொன்றையும் அடைப்புக்குறிக்குள் இடுக. பைதனுக்கு இத்தொல்லைகள் குறைவு; அங்கே வரியின் உள்தள்ளலே கிளையைக் காட்டும்.

‘மற்றும்’, ‘அல்லது’ என்ற இரு சொற்களைத் தொட்டுவிட்டோம். இவற்றின் வலிமையை மலையகத்தார் கற்றது பள்ளிக்கூடத்தில் அன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் எழுதப்பட்ட முறையைப் பாருங்கள். அதற்கு முன்னர் இலங்கையிலே பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரசை ஆவதற்கு, அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது, தந்தைவழிப் பாட்டனும் பாட்டனின் தந்தையும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். தந்தையைத் ‘த’ என்றும், பாட்டனைப் ‘பா’ என்றும், முப்பாட்டனை ‘மு’ என்றும் குறித்தால்:

த அல்லது (பா மற்றும் மு) ஆயின்
பிரசை
இல்லையேல்
பிரசையல்லர்

அடைப்புக்குறியை இடம் மாற்றி ‘(த அல்லது பா) மற்றும் மு’ என்று எழுதிப் பாருங்கள். தந்தை இங்கே பிறந்தும், முப்பாட்டன் இராமநாதபுரத்திலோ திருச்சியிலோ பிறந்திருந்தால் அவரும் வெளியே தள்ளப்படுவார். ‘மற்றும்’ வாயிலை இறுக்கும். ‘அல்லது’ வாயிலை அகற்றும்.

இன்னும் நுட்பமான இடம் ஒன்று உண்டு. ‘தந்தை இலங்கையில் பிறந்தாரா?’ என்ற கேள்விக்கு மெய், பொய் என்ற இரு விடைகளே உண்டென்று செய்நிரல் கருதுகிறது. லயத்து அறையிலே வாழ்ந்தவருக்கு மூன்றாவது விடை ஒன்றும் இருந்தது: ‘பிறந்தார், பத்திரம் இல்லை.’ இன்றைய தரவுத்தளங்களில், பெறுமானம் தெரியாத இடத்தில் வெற்றுக் குறி ஒன்றை வைப்பர். வெற்றிடத்தை எதனோடு ஒப்பிட்டாலும் விடை மெய்யும் அன்று, பொய்யும் அன்று, ‘தெரியாது’ என்பதே. ஆயினும் ‘மெய்’ என்று நிறுவப்படாதன யாவும் ‘இல்லையேல்’ கிளைக்கே சென்று விழும். தந்தை வெளிநாட்டில் பிறந்தவரும், தந்தையின் பிறப்பைக் காட்டப் பத்திரம் இல்லாதவரும் ஒரே கிளையில் நிற்க நேர்ந்தது இவ்வாறே.

அடுத்த ஆண்டு வந்த 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் கேள்விக்குள்ளே கேள்வி வைத்தது. மணமானவர் ஆயின் 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் 7 ஆண்டு இடையறாது வதிந்திருக்க வேண்டும். மணமாகாதவர் ஆயின் 10 ஆண்டு. இதனை ‘மணமானவரா?’ என்ற ஒரே கேள்வியும் ஒரு ‘இல்லையேலும்’ கொண்டு நீங்கள் எழுதினால், கணவனை இழந்தவளும், மணமுறிவு பெற்றவரும், இருபது வயது இளைஞனும் செய்நிரலின் கண்ணுக்கு ஒன்றாகிவிடுவர். ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின; பிரசாவுரிமை பெற்றவர் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரளவே. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். 1952இல் ஒருவரும் இல்லை.

செய்நிரலாளர் செய்யக்கூடிய பிழைகளுள் மிகப் பழையது, ஒரு கிளையைத் தொடங்கிவிட்டு அதனுள் எதுவும் எழுதாமல் விடுவது. 1964 ஒக்டோபர் 30இல் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் நாடற்றோர் தொகையை 9 இலட்சத்து 75 ஆயிரம் என்று கொண்டது. அவருள் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு. 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. மிஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பற்றிப் பின்னர் பேசுவோம். அந்தப் ‘பின்னர்’ வருவதற்கு 1974ஆம் ஆண்டாயிற்று. அப்போது ஆளுக்குப் பாதியாக 75 ஆயிரம் என்று பங்கிட்டனர். கணினியிலே வெற்றுக் கிளைக்குள் போன பெறுமானம் ஒன்றும் ஆகாமல் அப்படியே வெளிவரும். இங்கே போனவர்கள் மனிதர்கள். அவர்களுக்குப் பத்து வயது கூடியது.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் நிபந்தனையைச் சுருக்கிற்று: 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வதிபவர், அல்லது அத்தகையோரின் வழித்தோன்றலாக இங்கே வதிபவர். எளிய, நல்ல கூற்று. ஆயினும் ‘வதிபவர்’ என்ற ஒரு சொல், போர்க்காலத்தில் தமிழ்நாட்டு முகாம்களுக்குச் சென்றுவிட்டவர்களை வெளியே விட்டது. 2009ஆம் ஆண்டிலே திருத்தம் கொணர்ந்து அவர்களையும் சேர்க்க வேண்டியதாயிற்று. எழுதியவர்கள் நல்லெண்ணம் உடையவர்களே. சோதனைக்கு எடுத்துக்கொண்ட பெயர்களில் முகாமில் இருந்த ஒருவர் பெயர் இருக்கவில்லை.

இனி வீட்டுப் பயிற்சி. முதலாவது: ‘ஏ’ சித்திக்கு 75, ‘பீ’க்கு 65, ‘சீ’க்கு 50, ‘எஸ்’ஸுக்கு 35 என்று கொண்டு ஒரு செய்நிரல் எழுதுக, 35ஐ முதலில் வினவினால் 90 பெற்ற மாணவிக்கு என்ன சித்தி வருகிறது என்று காண்க. இரண்டாவது: 2016ஆம் ஆண்டுச் சம்பளக் கணக்கை எழுதி, நான்கு வகைத் தொழிலாளருக்கும் ஓட்டிப் பார்க்க, வீட்டில் அக்காலத்துச் சம்பளச் சீட்டு கிடந்தால் அதனோடு ஒப்பிடுக. மூன்றாவது சற்றுக் கடினம். முழுப்பேர், அரைப்பேர் கணக்கை, 17க்கும் 18க்கும் இடையே அந்தச் செங்குத்தான படி வராதபடி மாற்றி எழுத வேண்டும். எத்தனை கிலோ கொய்தாலும் அடிப்படைச் சம்பளம் குறையக்கூடாது என்பது ஒரு விதி. 18க்கு மேல் கொய்தவளுக்குக் கூடுதலாகக் கிடைக்க வேண்டும் என்பது மற்றொன்று. தாய் தந்தையரைக் கேட்டு எழுதலாம், தடையில்லை.

அடுத்த வாரம் மீள்செயல். 1964 ஒப்பந்தத்தின்படி எழுவர் இந்தியாவுக்கு என்றால் நால்வர் இலங்கைக்கு என்ற விகிதம் வந்ததே, அதனையே எடுத்துக்கொள்வோம்.